உப்புக்காற்றில் ஒரு வீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

வழுக்கும் தரை, கூரான கத்தி, குழந்தை கைக்கு எட்டும் மருந்து டப்பா என்று எல்லா ஊருக்கும் பொதுவானவற்றைச் சொல்லும் பாதுகாப்புக் குறிப்புகள் நிறையவே கிடைக்கின்றன. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நீளும் இந்தக் கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு அவை போதா. இங்கே இரும்பை உப்புக்காற்று ஓயாமல் தின்கிறது. காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிப்பதில்லை. நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று உறுதியில்லாததால் ஒவ்வொரு வீடும் தொட்டியிலும் டிரம்மிலும் குடத்திலும் தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று, ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை. பார்வைக்கு நன்றாக இருக்கும் பொருள் உள்ளே இற்றுப்போயிருப்பதுதான் இந்தக் கரையின் தனி ஆபத்து என்பதால், பழுதான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, கச்சான் தொடங்கும் முன் வைகாசியில் ஒருமுறையும், மழை தொடங்கும் முன் புரட்டாசியில் ஒருமுறையும் வீட்டை முழுதாகச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

மின்சாரம்

சுற்றிப் பார்க்கும்போது முதலில் போய் நிற்க வேண்டிய இடம் துணி காயப்போடும் கொடி. பல வீடுகளில் இது இரும்புக் கம்பியாகவே இருக்கிறது. ஒரு முனை ஜன்னல் கிராதியிலும் மறுமுனை மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரைத் தாங்கி நிற்கும் குழாயிலும் கட்டப்பட்டிருக்கிறது. சர்வீஸ் வயரின் மேலுறை வெயிலிலும் உப்பிலும் வெடித்து, காற்றில் ஆடி ஆடி அதைத் தாங்கும் கம்பியோடு உரசும்போது, மின்சாரம் அந்தக் கம்பி வழியாகக் குழாய்க்கும், குழாயிலிருந்து கொடிக்கும், கொடியிலிருந்து ஈரச் சேலைக்கும், அதைப் பிடித்திருக்கும் கைக்கும் வந்து சேர்கிறது. எந்த ஃபியூஸும் போகாது, எந்த விளக்கும் மங்காது, முன்னறிவிப்பே இருக்காது. ஆகவே இரும்புக் கொடியை இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறோ தேங்காய்நார்க் கயிறோ கட்டுங்கள். அதையும் மின்கம்பத்திலோ சர்வீஸ் குழாயிலோ கட்டாமல், தனியாக நட்ட கல்காலிலோ மரக்காலிலோ கட்டுங்கள். சர்வீஸ் வயர் வெடித்திருந்தால் நீங்களே டேப் சுற்ற முயலாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது எர்த். வீடு கட்டும்போது புதைத்த இரும்புக் குழாய் உப்பு மண்ணில் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து மெலிந்துவிடும். அதற்கு மேல், கோடையில் மணல் காய்ந்துவிட்டால் மின்சாரம் பூமிக்குள் இறங்க வழி குறைந்துவிடும். எர்த் குழிக்குக் கோடைக்காலத்தில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது நல்ல பழக்கம்தான் என்றாலும், இற்றுப்போன குழாய்க்கு அது மருந்தாகாது. தாமிரம் பூசிய கம்பியைக் கொண்டு புதிய எர்த் போட்டு, எர்த் மெகர் என்னும் கருவியால் அளந்து காட்டும்படி உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேளுங்கள். அளந்து காட்டாமல் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

எம்.சி.பி. என்னும் தானியங்கித் துண்டிப்பானைப் பொருத்தியிருப்பதால் ஷாக் அடிக்காது என்று நம்புபவர்கள் பலர். எம்.சி.பி. வயர் சூடேறித் தீப்பற்றாமல் காக்கிறது. மனிதரைக் காப்பது அதன் வேலையன்று. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்கசிவு ஏற்பட்டவுடன் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பானே உயிரைக் காக்கும். அதன் முகப்பில் "டெஸ்ட்" பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் மின்சாரம் சட்டென்று நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அந்தத் தடுப்பான் சுவரில் மாட்டிய வெறும் பெட்டி, உடனே மாற்றிவிட வேண்டும். கடலைப் பார்த்த சுவரில் சுவிட்ச் போர்டு வைத்திருப்பவர்கள், பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா, சுவிட்ச் போடும்போது சடசடப்பு கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். முடிந்தால் போர்டையே உள்சுவருக்கு மாற்றிவிடுவது நல்லது.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால், ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுக்கும் கை அடுத்த பலியாகிவிடும். மெயின் சுவிட்சை அணையுங்கள். அது தொலைவில் இருந்தால் காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். மூச்சில்லை என்றால் 108-க்கு ஒருவர் பேசும்போதே மற்றவர் நெஞ்சின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அதை நிறுத்தக் கூடாது.

தலைக்கு மேலே இருக்கும் இரும்பு

இந்தப் பகுதியில் யாரும் பார்க்காமல் விடுவது மின்விசிறி தொங்கும் கொக்கியை. விசிறியின் மேற்புறம் இருக்கும் கிண்ணம் போன்ற மூடி, கொக்கியைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. மெயினை அணைத்துவிட்டு, ஏணியில் ஏறி அந்த மூடியைக் கீழே இறக்கிப் பாருங்கள். நல்ல கொக்கி என்றால் மேலே பழுப்பு நிறம் படிந்திருந்தாலும் விரல் நகத்தால் சுரண்டினால் எதுவும் உதிராது. உப்பு தின்ற கொக்கியோ அப்பளம்போல் அடுக்கடுக்காக உரியும். உரித்து எடுத்த பிறகு மிஞ்சும் கம்பி பாதிப் பருமன்கூட இருக்காது, அதிலும் விசிறித் தண்டு மாட்டியிருக்கும் வளைவில்தான் தேய்மானம் அதிகமாக இருக்கும். அப்படிப்பட்ட விசிறியின் கீழே அன்று இரவு யாரையும் படுக்க விடாதீர்கள். கொக்கிக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைக் கொண்ட பிடிமானத்தைத் தளத்தில் பொருத்த முடியும். தண்டின் குறுக்கே செல்லும் போல்ட்டும் அதன் முனையில் இருக்கும் சிறு பின்னும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். விசிறி ஆட்டம் கொடுப்பதும் "கிரீச்" என்று சத்தமிடுவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

கொக்கிக்கு நேர்வதே கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் நேர்கிறது. உப்பு கலந்த மணலிலோ உப்புத் தண்ணீரிலோ கலவை போட்ட வீடுகளில் இது விரைவாக வரும்; நல்ல மணலில் கட்டிய வீடுகளிலும் காற்றில் வரும் உப்பு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பி உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விழும் விரிசல், மழைக்குப் பின் தெரியும் பழுப்புக் கறை, நீண்ட கழியால் தட்டிப் பார்த்தால் கேட்கும் பொள்ளல் ஓசை ஆகிய மூன்றும் பூச்சு உதிரப் போவதற்கான அடையாளங்கள். குறிப்பாக ஜன்னலுக்கு மேலிருக்கும் சன்ஷேடையும், குளியலறைத் தளத்தையும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் தட்டிப் பாருங்கள். அதன் மேலேயே சிமெண்டைப் பூசி வெள்ளையடித்துவிடுவது கறையை மறைக்குமே ஒழிய துருவை நிறுத்தாது. பொள்ளலான பகுதியைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தமாக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கென்று விற்கும் பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி வெகுவாக மெலிந்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்திக்கொள்ளாமல் பொறியாளரை அழைத்துக் காட்டுவதே சரி. அந்தச் செலவைத் தள்ளிப்போடுபவர்கள், குழந்தையின் தொட்டில் எந்த இடத்தில் தொங்குகிறது என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

நெருப்பு

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து கிடக்கும். அதனால் சமையலறையின் மேல் ஜன்னல் திறந்திருப்பது மட்டும் போதாது, தரைமட்டத்தில் காற்றோட்டம் வேண்டும். கச்சான் காலத்தில் ஜன்னல் வழியே வரும் காற்று, சிறுதீயில் வைத்த அடுப்பை அணைத்துவிட்டு எரிவாயுவைத் தொடர்ந்து வெளியேற்றிக்கொண்டிருக்கும் என்பதால், பாலையோ பருப்பையோ சிறுதீயில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகும் பழக்கம் இந்தக் கரையில் கூடவே கூடாது. சிலிண்டர் வரும்போது அதன் கழுத்துப் பட்டையில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் படியுங்கள்: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அருகில் இருப்பது ஆண்டு. அந்தக் காலம் கடந்திருந்தால் அந்த சிலிண்டர் மறுபரிசோதனைக்குப் போயிருக்க வேண்டியது, திருப்பி அனுப்பிவிடலாம். ரப்பர் குழாயை 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். இணைப்புகளில் கசிவு பார்க்கச் சோப்பு நுரையைத் தடவுங்கள். தீக்குச்சியை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.

எரிவாயு நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டாகும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

ஓலை வேய்ந்த வீடுகளும் கீற்றுக் கொட்டகைகளும் இன்னும் இருக்கும் ஊர்களில் அடுப்பு வைக்கும் இடத்தைக் காற்றுதான் தீர்மானிக்க வேண்டும். கச்சான் தென்மேற்கிலிருந்து வருவதால் அந்த மாதங்களில் வெளியடுப்பு வீட்டுக்கு வடகிழக்கே இருக்க வேண்டும். வாடை வீசும் மாதங்களில் அதற்கு எதிர்ப்புறம். காற்று வீட்டைக் கடந்து அடுப்புக்குப் போகலாம், அடுப்பைக் கடந்து வீட்டுக்கு வரலாகாது. கருப்பட்டி காய்ச்சும் இடங்களில் இன்னொன்றும் சேர்கிறது: கொதிக்கும் பாகு தண்ணீரைப்போல் வழிந்து போகாமல் தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும். பாகு இறக்கும் நேரத்தில் குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. தீக்காயம் எதுவானாலும் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மஞ்சள், மை, பற்பசை, ஐஸ் எதையும் வைக்க வேண்டாம். தண்ணீர் அருமையான ஊர்தான் என்றாலும், இந்த இடத்தில் குடத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். அந்தச் சம்பவத்தை நாடே பேசியது. ஆனால் மறதி நோய் வந்த பெரியவரையோ மனநலம் குன்றிய உறவினரையோ உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. உள்ளிருந்து திறக்க முடியாத அறையில் எவரையும் தனியாக விட்டுச் செல்லக் கூடாது. அவர் வெளியே போய்விடுவார் என்ற பயம் நியாயமானதே. அதற்கு வழி, துணைக்கு ஒருவரை இருத்துவதும் அண்டை வீட்டாரிடம் சொல்லி வைப்பதும்தான். இரவில் உட்புறம் பூட்டும் வீடுகளில் சாவி எப்போதும் ஒரே ஆணியில் தொங்க வேண்டும், அது எந்த ஆணி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா ஜன்னலிலும் கிராதி இருந்தால், ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றி அமையுங்கள்.

தேக்கி வைத்த தண்ணீர்

தவழும் குழந்தைக்கும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கும் ஒரு வாளித் தண்ணீர் போதுமான ஆழம். தலை கனமாக இருப்பதால் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்த குழந்தையால் திரும்ப எழ முடியாது. கத்தவும் முடியாது என்பதால் அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூட எதுவும் கேட்காது. நம் வீடுகளில் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்வது நடக்கிற காரியமன்று. எனவே மூடித்தான் வைக்க வேண்டும். டிரம்முக்கு மேல் பலகையை வைத்தால் போதாது, திருகு மூடியோ கொக்கியோ வேண்டும். வாயகன்ற பாத்திரங்கள் இடுப்புயரத் திண்ணையில் இருக்கட்டும். தரைத்தொட்டியின் மூடி இரும்பாக இருந்தால் அதுவும் துருப்பிடித்து, ஒருநாள் அதன்மேல் மிதிப்பவரோடு உள்ளே போகும். ஃபைபர் மூடியோ கான்கிரீட் மூடியோ போட்டுப் பூட்டுங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் தொட்டி திறந்திருக்கும், பெரியவர்கள் எல்லாரும் குடத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். குழந்தையைப் பார்ப்பது மட்டுமே வேலையாக ஒருவர் அந்த நேரத்தில் இருந்தாக வேண்டும். மணலில் தோண்டிய ஊற்றைச் சுற்றி முள்வேலியாவது போடுங்கள்.

நெடுநாள் மூடியிருந்த தொட்டிக்குள் கழுவ இறங்கும் முன், மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க, இடுப்பில் கயிற்றோடுதான் இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் அடுத்தவர் குதிப்பது இரண்டாவது சாவுக்கு வழி. கழிவுநீர்த் தொட்டியில் எவரையும் இறக்குவது 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். கழிவுநீர் உறிஞ்சும் லாரியைத்தான் அழைக்க வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் ஒட்டியிருக்கும் முட்டைகள் போகும்.

நஞ்சும் கடியும்

படகு எஞ்சினுக்கான மண்ணெண்ணெயும், மிளகாய்க் கொல்லைக்கான பூச்சிமருந்தும் இந்தப் பகுதி வீடுகளில் அன்றாடப் பொருள்கள். அவற்றைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதுதான் தவறு. மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போவதுதான் உயிரை வாங்குகிறது. எதைக் குடித்தது என்று காட்டப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். பதநீர்க் கலயத்துக்கும் வெற்றிலைக்கும் வைத்திருக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம்: இமையை விரித்துப் பிடித்து, கண்ணில் ஒட்டிய துணுக்குகள் நீங்கும்படி அரைமணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே கிளம்ப வேண்டும். பேத்தை மீனை எவ்வளவு கழுவினாலும் வேகவைத்தாலும் அதன் நஞ்சு நீங்காது. வலையில் வந்தாலும் வீட்டுக்கு வரக்கூடாது. திருக்கை முள்ளோ கெளிற்று முள்ளோ குத்தினால், பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் காயத்தை அரைமணிக்கு மேல் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும்; சூட்டை அடிபடாத கையால் முதலில் பார்த்துவிட்டு அமிழ்த்துங்கள், பிறகு டெட்டனஸ் ஊசிக்குப் போங்கள்.

சீமைக்கருவேல விறகைச் சுவரோடு ஒட்டி அடுக்கி வைப்பது, சுருட்டை விரியனுக்கு இடம் கட்டிக் கொடுப்பதாகும். விறகை வீட்டிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். எடுக்கும்போது கையை விடாமல் கழியால் இழுங்கள். கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ இல்லாததால் எறும்பு என்று எண்ணிப் படுத்துவிடுவார்கள். புழுக்கத்துக்காகத் தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வது பாம்பையும் தடுக்கும். கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல், நஞ்சுமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு 108-இல் கொண்டுபோக வேண்டும். மந்திரிக்கப் போகும் நேரம் அந்த உயிருக்கு உரிய நேரம்.

புயலுக்கு முன்னும் பின்னும்

1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலை இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. இப்போது எச்சரிக்கை சில நாள்களுக்கு முன்பே வந்துவிடுகிறது என்பதே நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு. தகரக் கூரையையும் சிமெண்ட் ஷீட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் புரட்டாசியிலேயே திருகிப் பார்த்து, துருப்பிடித்தவற்றை மாற்றுங்கள். பறக்கும் ஷீட் கத்திக்குச் சமம். வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் தென்னையின் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள். ஊரைவிட்டுப் பாதுகாப்பு மையத்துக்குக் கிளம்பும்போது மெயின் சுவிட்சையும் சிலிண்டரையும் மூடிவிட்டுக் கிளம்புங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

திரும்பி வந்ததும் அறுந்து கிடக்கும் கம்பி எதையும், அதில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும், தொடாமல் மின்னகத்துக்குச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறிய வீட்டில், ஸ்விட்ச் பெட்டிகளையும் மோட்டாரையும் மின்பணியாளர் பார்த்து முடிக்கும்வரை மெயினைப் போட வேண்டாம். உள்ளே போன கடல்தண்ணீர் வடிந்த பிறகும் உப்பு தங்கி மின்சாரத்தைக் கசிய விடும். ஜெனரேட்டரைத் திண்ணையிலோ அறைக்குள்ளோ வைத்து ஓட்டினால் அதன் புகையிலிருக்கும் நாற்றமற்ற கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஜன்னலிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் வையுங்கள். தரைத்தொட்டியில் கடல்தண்ணீரோ வெள்ளமோ புகுந்திருந்தால் முழுவதையும் இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் இட்டு மறுபடியும் இறைத்த பிறகே குடிநீரை நிரப்புங்கள். இறைக்கும் மோட்டாரின் வயர் தண்ணீருக்குள் கிடக்காமல், அதன் பிளக் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சுவிட்சைப் போடுங்கள்.